பாக்கெட் எந்த ஸ்டாப்பிங்கில் நின்றது? வீட்டு ஹேக்கிங் லேபில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்க

வீட்டில் லேப் போட்டு நெட்வொர்க் தாக்குதலும் தற்காப்பும் பழக ஆரம்பித்த முதல் மாதம் நான் எந்த மெஷினையும் உடைக்கவில்லை. இரண்டு விஎம்களை (லேப்டாப்புக்குள் ஓடும் கற்பனைக் கணினிகளை) ஒன்றோடொன்று பேச வைப்பதிலேயே மாதம் ஓடிவிட்டது. டூல்மீது பழி போட்டேன், தாக்குதல் டூல்களோடு வரும் காளி லினக்ஸை மூன்று தடவை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினேன். தப்பு அங்கே இல்லை. எந்த விஎம்மின் ஒயர் எந்த சுவிட்சில் சொருகியிருக்கிறது என்பதில் இருந்தது. கண்ணால் பார்க்க முடியாத ஒயர் என்பதால் அதன்மேல் சந்தேகமே வருவதில்லை. (‘காலி’ என்று எழுதினால் டிஸ்க் காலியானதுபோல இருக்கிறது. அதனால் நான் ‘காளி’ என்றே எழுதுகிறேன்.)

கீழே வருகிற எல்லாவற்றுக்கும் என் அமைப்புதான் உதாரணம், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு ஃபிளாட், 16 ஜிபி ராம் உள்ள லேப்டாப், அதில் விஎம்களை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ். நடுவில் பிஎஃப்சென்ஸ் ஃபயர்வால், அதற்கு மூன்று கால்கள், அதாவது மூன்று நெட்வொர்க் இணைப்புகள். வான் கால் நேட் (லேப்டாப்பின் முகவரியிலேயே வெளியே போகும் முறை) வழியாக வெளி இணையத்துக்குப் போகும். லேன் கால் 10.10.10.0/24 (10.10.10 என்று தொடங்கும் முகவரிகள்), அதில் காளி. ஆப்ட்1 கால் 10.10.20.0/24, அதில் அடி வாங்குவதற்கென்றே செய்யப்பட்ட மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2, பக்கத்திலேயே காவலுக்கு சூரிகாட்டா (தாக்குதலைக் கண்டால் எச்சரிக்கும் டூல்) ஓடும் ஒரு உபுண்டு. லேன், ஆப்ட்1 இரண்டும் விர்ச்சுவல்பாக்ஸின் ‘இன்டர்னல் நெட்வொர்க்’ வகை. இதை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு காலுக்கும் ஐபி எழுதி, லேப்டாப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். உங்கள் லேபுக்கும் இப்படி ஒரு தாள் இல்லையென்றால், மேலே படிக்கும் முன் வரைந்துவிடுங்கள்.

இன்னொன்று. லேபுக்குள் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். எதிர் ஃபிளாட்காரரின் வைஃபை உங்கள் லேப் இல்லை. அனுமதி இல்லாமல் அதைத் தொட்டால் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43, 66 பிரிவுகள் காத்திருக்கின்றன: மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம்.

விஎம் எழுந்திருக்கவே இல்லை, எழுந்தாலும் ஆமை வேகம்

புது விஎம் உருவாக்கும்போது 32 பிட் வகைகள் மட்டும் காட்டினால், அல்லது ஸ்டார்ட் அழுத்தியதுமே விடி-எக்ஸ் (இன்டெல் சிப்பின் விர்ச்சுவலைசேஷன் வசதி) பற்றி ஏதாவது முறையிட்டால், பயாஸில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கிறது. விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பக்கம் போய் சிபியுவைத் தட்டினால், அது போட்டிருக்கிறதா இல்லையா என்று அங்கேயே ஒரு வரி இருக்கும். ஏஎம்டி சிப் என்றால் பயாஸில் அதன் பெயர் பெரும்பாலும் எஸ்விஎம்.

போட்டிருந்தும் விஎம் நகர மாட்டேன் என்கிறதா? ஓடும் விஎம் விண்டோவின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். அங்கே ஒரு சின்ன பச்சை ஆமை இருந்தால், விண்டோஸின் ஹைப்பர்-வி சிப்பை ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறது; விர்ச்சுவல்பாக்ஸ் அதன் முதுகில் ஏறிப் போகிறது. டபிள்யூஎஸ்எல்2, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், கோர் ஐசொலேஷனில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி, இவற்றில் எது போட்டிருந்தாலும் ஆமை வரும். மெமரி இன்டெக்ரிட்டி பாதுகாப்புக்காக இருப்பது, அதனால் ஆபீஸ் லேப்டாப்பில் அதை அணைக்காதீர்கள். ஆபீஸ் லேப்டாப்பில் லேபே போடாதீர்கள்.

ஆமை இல்லாமலே மெதுவாக இருந்தால் ராம் பற்றாக்குறை. காளிக்கு 2 ஜிபி, பிஎஃப்சென்ஸுக்கு 1, மெட்டாஸ்ப்ளாய்டபிளுக்கு 512 எம்பி போதும். லாக்குகளைச் சேர்த்துக் கண்காணிக்கும் வாசூவை மொத்தமாக ஒரே விஎம்மில் ஏற்ற ஆசைப்பட்டால் அது ஒன்றே 8 ஜிபி கேட்கும். 8 ஜிபி லேப்டாப் வைத்திருப்பவர்கள் அதை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

இரண்டு விஎம்மும் ஒன்றையொன்று பார்க்கவில்லை

எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டு விஎம்மிலும் ஐபி முகவரியைப் பாருங்கள். முகவரியைப் பார்த்தாலே எந்தத் தெரு என்று தெரிந்துவிடும்.

10.0.2.15 என்றால் அந்த விஎம் ‘நேட்’ வகையில் இருக்கிறது. இரண்டிலுமே 10.0.2.15 என்று வந்தால் குழம்ப வேண்டாம், அது மோதல் இல்லை. நேட் வகையில் ஒவ்வொரு விஎம்முக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் தனித்தனியாக ஓர் அறை கட்டி, ஒவ்வொரு அறைக்கும் அதே கதவு எண்ணைக் கொடுக்கிறது. அறைகளுக்கு நடுவே வழி கிடையாது. 192.168.56.101 மாதிரி வந்தால் ‘ஹோஸ்ட் ஒன்லி’. விஎம்கள் பேசிக்கொள்ளும், லேப்டாப்போடும் பேசும், வெளியே போகாது. உங்கள் போனுக்கு ரவுட்டர் கொடுக்கிற அதே வரிசையில் முகவரி வந்தால் ‘பிரிட்ஜ்டு’. அதாவது விஎம் உங்கள் வீட்டு நெட்வொர்க்கில் நேராக உட்கார்ந்திருக்கிறது. ஓட்டை உடைசலாகவே செய்யப்பட்ட மெட்டாஸ்ப்ளாய்டபிளை ஒருநாளும் அங்கே உட்கார வைக்காதீர்கள்.

முகவரியே இல்லை, அல்லது 169.254 என்று தொடங்குகிறது என்றால் டிஹெச்சிபி (தானாக முகவரி கொடுக்கும் முறை) கேட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. இன்டர்னல் நெட்வொர்க்கில் தானாக டிஹெச்சிபி கிடையாது. பிஎஃப்சென்ஸ்தான் கொடுக்க வேண்டும். பிஎஃப்சென்ஸும் லேன் காலில்தான் தானாகக் கொடுக்கும். ஆப்ட்1-ஐ நாம் போய் எனேபிள் செய்து, முகவரி கொடுத்து, டிஹெச்சிபியையும் போட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு மெட்டாஸ்ப்ளாய்டபிளை ஒரு தடவை ரீபூட் செய்யுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பேசவில்லையா? இன்டர்னல் நெட்வொர்க்கின் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஒரு விஎம்மில் ‘லேப்1’, இன்னொன்றில் ‘லேப்-1’ என்று இருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் சத்தமில்லாமல் இரண்டு தனி சுவிட்சுகளை உருவாக்கிவிடும், ஒரு எச்சரிக்கையும் வராது. அந்த ஒரு கோட்டுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கொடுத்திருக்கிறேன்.

குளோன் செய்த விஎம்கள் என்றால் வேறு கதை. பிங் (‘இருக்கிறாயா’ என்று கேட்டுப் பார்ப்பது) ஒரு நிமிடம் வரும், ஒரு நிமிடம் போகும். குளோன் செய்யும்போது மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) புதிதாக உருவாக்கச் சொல்லாமல் விட்டிருப்பீர்கள். மேக் வேறாக இருந்தும் இரண்டு உபுண்டுவுக்கும் ஒரே ஐபி வந்தால், உள்ளே இருக்கும் மெஷின்-ஐடி கோப்பும் அப்படியே நகலாகியிருக்கிறது. புது உபுண்டு டிஹெச்சிபி கேட்கும்போது தன் அடையாளத்தை அந்தக் கோப்பிலிருந்துதான் எடுக்கிறது. அதைக் காலி செய்து ரீபூட் செய்தால் புதிதாக ஒன்று உருவாகும்.

லேப் நன்றாக ஓடுகிறது, வீட்டில்தான் நெட் இல்லை

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தங்கை வீட்டிலிருந்து வேலை பார்க்கிறாள், மீட்டிங்கில் இருந்தாள். நான் பக்கத்து அறையில் புது பிஎஃப்சென்ஸை பூட் செய்து, எல்லாம் பச்சையாக வந்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன். “அண்ணா, நெட்ட என்னண்ணா பண்ண?” என்று குரல் வந்தது. அம்மாவின் போனில் நெட் வந்து வந்து போனது. ரவுட்டரை அணைத்துப் போட்டேன், கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன், இணைப்புக்காரருக்குப் போன் போட்டு சண்டைக்கே போய்விட்டேன்.

கடைசியில் தங்கையின் லேப்டாப்பில் ஏஆர்பி அட்டவணையை (எந்த ஐபிக்கு எந்த மேக் முகவரி என்ற பட்டியல்) திறந்தேன். 192.168.1.1-க்கு நேராக இருந்த மேக் முகவரி 08-00-27 என்று தொடங்கியது. அது விர்ச்சுவல்பாக்ஸ் தன் விஎம்களுக்கு வைக்கிற முன்னொட்டு. வீட்டு ரவுட்டர் என்று நினைத்து அவள் லேப்டாப் என் விஎம்மின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். பிஎஃப்சென்ஸின் லேன் காலை அவசரத்தில் ‘பிரிட்ஜ்டு’ என்று விட்டுவிட்டேன். லேப்டாப் ரவுட்டரோடு கேபிளில் இணைந்திருந்தது. பிஎஃப்சென்ஸ் ஏற்றியதும் லேன் காலுக்குத் தானாக வைத்துக்கொள்ளும் முகவரி 192.168.1.1, டிஹெச்சிபியும் தானாகவே ஓடும். என் வீட்டு ரவுட்டரின் முகவரியும் 192.168.1.1. ஒரே வீட்டில் இரண்டு பேர் நான்தான் குடும்பத் தலைவர் என்று சொல்லி, ஆளுக்கொரு ரேஷன் கார்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சரிசெய்வது சுலபம். விஎம்மை நிறுத்துங்கள். லேன் காலை இன்டர்னல் நெட்வொர்க்குக்கு மாற்றுங்கள். பிஎஃப்சென்ஸ் கன்சோலில் 2-ஆம் எண் மெனு வழியாக லேன் முகவரியை 10.10.10.1 ஆக்குங்கள். வீட்டில் எல்லோர் போனிலும் வைஃபையை அணைத்துப் போடச் சொல்லுங்கள், பழைய முகவரியை விட்டுவிட்டுப் புதிதாக வாங்கிக்கொள்ளும். இணைப்புக்காரரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

அடுத்த வாரமே இதைத் தாக்குதல் பயிற்சியாகவும் செய்து பார்த்தேன், இந்தத் தடவை லேபுக்குள். போலி டிஹெச்சிபி என்பது பாடத்தில் ஒரு பத்தி; வீட்டில் நடந்தால் என்ன வரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

பிங் போகிறது, பதில் இல்லை

இங்கேதான் பஸ் கணக்கு. பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தகவல் பொட்டலம்) காளியில் ஏறியது, மெட்டாஸ்ப்ளாய்டபிளில் இறங்கவில்லை. நடுவில் எந்த ஸ்டாப்பிங்கில் நின்றுபோனது? ஊகிக்க வேண்டாம், ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் ஆளை நிறுத்திப் பார்க்கலாம். பிஎஃப்சென்ஸின் டயக்னாஸ்டிக்ஸ் மெனுவில் பாக்கெட் கேப்சர் இருக்கிறது. காளியில் பிங்கை ஓடவிட்டு, முதலில் லேன் காலில் பிடியுங்கள், அப்புறம் ஆப்ட்1 காலில்.

லேன் காலிலேயே எதுவும் தெரியவில்லை என்றால் பஸ் டிப்போவை விட்டே கிளம்பவில்லை. காளியின் ஒயர் தப்பான சுவிட்சில் இருக்கிறது, அல்லது காளிக்கு இரண்டு அடாப்டர் இருந்து பாக்கெட் நேட் பக்கம் ஓடிவிட்டது. லேனில் தெரிகிறது, ஆப்ட்1-இல் தெரியவில்லை என்றால் ஃபயர்வால் விதி, அல்லது ஆப்ட்1 எனேபிள் ஆகவில்லை. ஆப்ட்1-இலும் கேள்வி வெளியே போகிறது, பதில்தான் வரவில்லை என்றால் குற்றவாளி இலக்கு மெஷின். பெரும்பாலும் அதற்கு நீங்கள் கையால் ஐபி கொடுத்து, கேட்வே கொடுக்க மறந்திருப்பீர்கள். கேள்வி அதற்குக் கிடைக்கிறது. பதில் சொல்லவும் ஆசைதான், 10.10.10 தெருவுக்கு எந்த வழியாகப் போவது என்று தெரியவில்லை. கேட்வேயை 10.10.20.1 என்று கொடுங்கள்.

இலக்கு விண்டோஸ் என்றால் அதன் சொந்த ஃபயர்வாலே பிங்கை விழுங்கிவிடலாம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரே தெருவில் இருக்கும்போது, நெட்வொர்க்கைத் துழாவும் டூலான என்மேப் ஆள் இருக்கிறாரா என்று ஏஆர்பியில் கேட்கும், அதற்கு விண்டோஸ் பதில் சொல்லியே தீர வேண்டும். நடுவில் பிஎஃப்சென்ஸ் வந்ததும் ஏஆர்பி அதைத் தாண்டாது, என்மேப் பிங்கை நம்ப வேண்டியிருக்கும், ‘ஹோஸ்ட் டவுன்’ என்று சொல்லிவிடும். பிங்கைப் பொருட்படுத்தாமல் போர்ட்டுகளை நேராகத் தட்டச் சொல்லும் பிஎன் ஆப்ஷனைப் போடுங்கள். அப்போது வரும் விடைகளையும் பிரித்துப் படியுங்கள். ‘குளோஸ்டு’ என்றால் வீட்டில் ஆள் இருக்கிறார், கதவைச் சாத்தினார். ‘ஃபில்டர்டு’ என்றால் நடுவில் யாரோ தட்டின சத்தத்தையே விழுங்கிவிட்டார், அதாவது ஃபயர்வால்.

எக்ஸ்ப்ளாய்ட் முடிந்ததாம், செஷன் மட்டும் வரவில்லை

தாக்குதல் டூலான மெட்டாஸ்ப்ளாய்ட், வேலை முடிந்தது, செஷன் (இலக்கு மெஷினோடு இணைப்பு) உருவாகவில்லை என்று ஒரு வரி போட்டுவிட்டுச் சும்மா நிற்கும். முதலில் எல்ஹோஸ்ட் (இலக்கு திரும்பக் கூப்பிட வேண்டிய முகவரி) என்ன என்று பாருங்கள். காளிக்கு அப்டேட்டுக்காக ஒரு நேட் அடாப்டரும், லேபுக்கு ஒன்றும் இருந்தால், எல்ஹோஸ்டில் 10.0.2.15 உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அடிபட்ட மெஷின் அந்த முகவரிக்குத் திரும்பக் கூப்பிடும், போய்ச் சேராது. அதை 10.10.10 வரிசையில் உள்ள காளியின் முகவரியாக மாற்றுங்கள்.

முகவரி சரியாக இருந்தும் வரவில்லை என்றால், எனக்கு ரொம்பப் பிடித்த பிழை இது. பிஎஃப்சென்ஸில் லேன் காலுக்கு ‘எங்கும் போகலாம்’ என்ற விதி தானாகவே இருக்கும். ஆப்ட்1-க்கு எந்த விதியும் இருக்காது. விதி இல்லையென்றால் எதுவும் வெளியே கிளம்ப முடியாது. காளி உள்ளே போகலாம், உள்ளே கேட்ட கேள்விக்குப் பதில் வரலாம், ஆனால் உள்ளிருந்து புதிதாக ஒரு இணைப்பு தொடங்க முடியாது. ரிவர்ஸ் ஷெல் என்பதே உள்ளிருந்து புதிதாகத் தொடங்கும் இணைப்புதான்.

இதை உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2-இல் உள்ள எஃப்டிபி சர்வரான விஎஸ்எஃப்டிபிடி 2.3.4, 2011-இல் யாரோ பின்கதவு வைத்துப் பரப்பிய பதிப்பு. அந்தப் பின்கதவு இலக்கு மெஷினிலேயே 6200 போர்ட்டைத் திறந்து வைத்துக் காத்திருக்கும், நாம்தான் உள்ளே போக வேண்டும். அது வேலை செய்து, கோப்புப் பகிரும் சாம்பா வழியாக வரும் ரிவர்ஸ் ஷெல் மட்டும் வரவில்லை என்றால், சந்தேகமே வேண்டாம், வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறது. ஆப்ட்1-இல் காளியின் 4444 போர்ட்டுக்கு மட்டும் ஒரு விதி போட்டுப் பாருங்கள், உடனே வரும். அந்த விதியைத் திரும்ப எடுத்துவிட்டு அதே தாக்குதலை இன்னொரு தடவை செய்யுங்கள். சர்வரிலிருந்து வெளியே போகும் போக்குவரத்தை ஏன் கட்டுப்படுத்த வேண்டும் என்று பத்து வகுப்பில் சொல்வதை அந்த ஒரு விதி காட்டிவிடும்.

அடி விழுகிறது, சூரிகாட்டா வாயே திறக்கவில்லை

தற்காப்புப் பக்கம் பழகுகிறவர்கள் அதிகம் திணறும் இடம் இது. வரிசையாகப் போவோம், ஒரு படியையும் தாண்ட வேண்டாம்.

சூரிகாட்டா ஓடும் உபுண்டுவில் முதலில் வெறும் டிசிபிடம்ப்பை (வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டூல்) ஓட்டுங்கள். காளிக்கும் மெட்டாஸ்ப்ளாய்டபிளுக்கும் நடக்கும் பேச்சு அதில் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் சூரிகாட்டாவைத் திட்டிப் பயனில்லை. விர்ச்சுவல்பாக்ஸின் சுவிட்ச் அடுத்தவர் கடிதத்தை நமக்குக் காட்டாது. உபுண்டு விஎம்மின் அடாப்டர் அமைப்பில் ‘ப்ராமிஸ்குவஸ் மோட்’ என்பது ‘டினை’ என்று இருக்கும், அதை ‘அலவ் ஆல்’ ஆக்குங்கள்.

டிசிபிடம்ப்பில் தெரிகிறது, சூரிகாட்டாவில் இல்லை. அதன் அமைப்புக் கோப்பைத் திறந்து எந்த அடாப்டரைக் கேட்கிறது என்று பாருங்கள். கோப்பில் ஈத்0 என்று இருக்கும். உங்கள் உபுண்டுவில் அந்தப் பெயரில் அடாப்டரே இருக்காது, ஈஎன்பி0எஸ்3 மாதிரி ஏதாவது இருக்கும்.

அதையும் மாற்றிவிட்டீர்கள். இப்போது சொந்தமாக ஒரு விதி எழுதுங்கள்: யாரிடமிருந்து யாருக்கு ஐசிஎம்பி (பிங் போகும் வகைப் பாக்கெட்) வந்தாலும் கத்து. பிங் செய்யுங்கள். அது கத்துகிறது, ஆனால் இறக்கி வைத்த ஆயிரக்கணக்கான விதிகளில் பெரும்பாலானவை மௌனம். பெரும்பாலும் ஹோம்நெட்தான் காரணம். அந்த விதிகளில் நிறைய, ‘வெளியாள் வீட்டுக்குள் வருகிறான்’ என்ற வடிவில் எழுதப்பட்டவை. எது வீடு என்பதை ஹோம்நெட் சொல்கிறது. கோப்பில் தானாக இருப்பது 192.168.0.0/16, 10.0.0.0/8, 172.16.0.0/12 மூன்றும் சேர்த்து, அதாவது உலகத்துத் தனியார் முகவரி எல்லாமே வீடு. காளி 10.10.10-இல் இருக்கிறது, அதனால் காளியும் வீட்டுப் பிள்ளை. வாட்ச்மேனிடம் ‘வேளச்சேரியில் இருக்கிற எல்லோரும் நம்ம ஃபிளாட் ஆட்கள்தான்’ என்று சொல்லிவைத்துவிட்டு, திருடன் வந்தால் ஏன் விசில் அடிக்கவில்லை என்று கேட்கிற கதை. ஹோம்நெட்டை 10.10.20.0/24 என்று மட்டும் சுருக்குங்கள், சூரிகாட்டாவை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அதற்குப் பிறகும் டிசிபி தாக்குதல்கள் மட்டும் தப்பினால், செக்சம் (பாக்கெட் கெடாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண்). விஎம்களில் செக்சம் கணக்குப் போடும் வேலையை நெட்வொர்க் கார்டு பார்த்துக்கொள்ளும் என்று கர்னல் விட்டுவிடும். விஎம்முக்கோ உண்மையான கார்டு கிடையாது. பாக்கெட் தப்பான செக்சத்தோடு வரும், சூரிகாட்டா அதைச் செல்லாத நோட்டு என்று ஒதுக்கிவிடும். செக்சம் பார்க்காதே என்று சொல்லி ஓட்டலாம், அல்லது அனுப்பும் விஎம்களில் இப்படிக் கார்டிடம் விடுவதை (ஆஃப்லோட்) அணைக்கலாம். லேபுக்கு முதல் வழி போதும்.

அலெர்ட் வருகிறது, ஆனால் காலையில் செய்ததை விடியற்காலையில் செய்ததாகச் சொல்கிறது

வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரமா என்று பாருங்கள். உபுண்டு சர்வர் ஏற்றும்போது யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும், நாம் இந்திய நேரத்தில் பார்க்கிறோம். லாக் யுடிசியிலேயே இருக்கட்டும் என்பது என் கட்சி, பல மெஷின்களின் லாக்கை ஒப்பிடும்போது சுலபம். மாறாக விஎம்மின் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடினால், அமைப்பில் ‘ஹார்ட்வேர் கிளாக் இன் யுடிசி’ டிக் விடுபட்டிருக்கும். ஆக்டிவ் டைரக்டரி (விண்டோஸ் நெட்வொர்க்கின் கணக்கு நிர்வாகம்) லேப் போட்டவர்களுக்கு இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. அதில் லாகினைச் சரிபார்க்கும் கெர்பராஸ் ஐந்து நிமிடத்துக்கு மேல் நேர வித்தியாசத்தைப் பொறுக்காது. பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு (சேமித்து வைத்த விஎம் நிலைக்கு) திரும்பியதும் லாகின் எல்லாம் கைவிரித்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்.

காளியில் வைஃபையே காணோம்

லேப்டாப்புக்குள் இருக்கும் வைஃபை கார்டு விஎம்முக்குத் தெரியாது. அதற்குத் தெரிவது ஒரு கற்பனை கேபிள் மட்டும். வைஃபை தாக்குதல் பழக யூஎஸ்பி அடாப்டர் வேண்டும், அது மானிட்டர் மோடுக்கு (சுற்றியுள்ள எல்லா வைஃபை பாக்கெட்டையும் கேட்கும் நிலைக்கு) வர வேண்டும். எல்லோரும் சொல்வது டிபி-லிங்க்கின் டபிள்யூஎன்722என். அதில் வெர்ஷன் 1-இல் இருப்பது ஏத்தெரோஸின் ஏஆர்9271 சிப், செருகியதுமே வேலை செய்யும். வெர்ஷன் 2, 3-இல் இருப்பது ரியல்டெக்கின் வேறு சிப், அதற்குத் தனி டிரைவர் ஏற்றினால்தான் மானிட்டர் மோட்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் கேட்டேன். “அண்ணே, இது வெர்ஷன் ஒன்னா?”

“எல்லாம் ஒன்னுதாம்பா.”

டப்பாவின் அடியில் ஸ்டிக்கரில் சின்னதாக வெர்ஷன் எண் போட்டிருக்கும், காசு கொடுக்கும் முன் அதை நீங்களே படியுங்கள். நான் வீட்டுக்கு வந்துதான் படித்தேன், 3 என்று இருந்தது. இன்னொன்று, இந்த அடாப்டருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். உங்கள் ரவுட்டர் 5-இல் ஓடினால் எவ்வளவு தேடினாலும் பட்டியலில் வராது.

நடுவில் விஎம் உறைந்து நிற்கிறது

கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு நான்கு விஎம்களை ஓடவிட்டால் லேப்டாப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அதற்கு மருந்து ஃபேன், இல்லையென்றால் இரவு. கரண்ட் போவது இன்னும் மோசம். பழைய லேப்டாப்பில் பேட்டரி செத்துப்போயிருந்தால், விஎம் எழுதிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் அணைந்து அதன் டிஸ்க் கெட்டுப்போகும். வேலை நடக்கும் நேரத்தில் லேப்டாப்பை இன்வெர்ட்டர் பாயின்ட்டில் சொருகுங்கள்.

வெயிலும் இல்லை, கரண்டும் இருக்கிறது, விஎம் ‘பாஸ்டு’ என்று நிற்கிறது என்றால் லேப்டாப்பின் டிஸ்க் நிரம்பிவிட்டது. ஒவ்வொரு தாக்குதலுக்கு முன்பும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுப்பது நல்ல பழக்கம், ஆனால் பழையதை யாரும் அழிப்பதில்லை. ஸ்னாப்ஷாட் கோப்புகளை ஃபோல்டருக்குள் போய்க் கையால் அழித்துவிடாதீர்கள், சங்கிலியில் ஒரு கண்ணி போனால் விஎம் மொத்தமும் போய்விடும். விர்ச்சுவல்பாக்ஸின் உள்ளிருந்தே ஒவ்வொன்றாக நீக்குங்கள். நீக்கும்போது அது பழையதையும் புதியதையும் ஒன்றாகச் சேர்த்து எழுதும், அதற்கே கொஞ்சம் இடம் தேவைப்படும். அதனால் முதலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் பழைய ஐஎஸ்ஓக்களைத் தூக்கிப் போட்டுவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள்.